சுரங்கத்துக்குள் ஒரு மாமா

பொலிவியாவின் பொத்தோசி 4,000 மீட்டர் உயரத்தில் இருக்கும் நகரம். முதுகுப்பையோடு வந்து இறங்குபவர்களுக்கு முதல் நாள் மூச்சு வாங்கும். அடுத்த நாள் சுரங்கம் பார்க்கக் கிளம்பிவிடுவார்கள். வழியில் சந்தையில் கோகா இலையும் டைனமைட் குச்சியும் வாங்கச் சொல்வார் வழிகாட்டி. உள்ளே வேலை செய்பவர்களுக்கான அன்பளிப்பு அது.

சுரங்க இருட்டில் கொம்பு முளைத்த களிமண் உருவம் ஒன்று உட்கார்ந்திருக்கும். பெயர் எல் தியோ. நம்ம பாஷையில் 'மாமா'. வாயில் சிகரெட், மேலெல்லாம் கோகா இலை. பழங்குடிப் பண்பாடு என்று எல்லோரும் படம் எடுத்துக்கொள்வார்கள்.

ஆனா, இவர் இன்கா காலத்திலிருந்து அப்படியே வந்தவர் இல்லை. 1545இல் செர்ரோ ரிக்கோ மலையில் ஸ்பானியர்கள் வெள்ளி எடுக்கத் தொடங்கினார்கள். 1573இல் வைஸ்ராய் தொலேதோ 'மித்தா'வை இங்கே நடைமுறைக்குக் கொண்டுவந்தார். இன்காக்களிடம் அது முறைவைத்துச் செய்யும் பொதுவேலை. தொலேதோ பெயரை மட்டும் வைத்துக்கொண்டு அதைக் கட்டாய உழைப்பாக்கினார். கூஸ்கோ பக்கத்து ஊர்களிலிருந்துகூட, ஏழு ஆண்களில் ஒருவர் என்ற கணக்கில், ஆண்டுக்கு 13,000 பேர் வரை வரவேண்டியிருந்தது. பலர் குடும்பத்தோடு நடந்தே வந்தார்கள்.

மலைக்குப் படையல் வைக்கும் அவர்களுடைய பழைய வழக்கமும், பாதிரிகள் காட்டிப் பயமுறுத்திய சாத்தானும் கலந்து உருவானவர்தான் இந்த மாமா. கொடுத்தால் காப்பார், மறந்தால் காவு வாங்குவார்.

1812இல் மித்தா சட்டப்படி ஒழிந்தது. சுரங்க வேலை ஒழியவில்லை. மலையின் உச்சி சரிகிறது என்று 2014இல் யுனெஸ்கோ பொத்தோசியை ஆபத்திலிருக்கும் பாரம்பரியக் களங்களின் பட்டியலில் சேர்த்தது. வெள்ளிக்கிழமைகளில் மாமாவுக்குப் படையல் இன்னும் நடக்கிறது. உள்ளே போகிறவர்களுக்கு அந்தப் பயம் பழங்கதை ஆகவில்லை.