ஜே.பி. என்ற முன்னெழுத்து: நடராஜனின் பந்துவீச்சும் பெயர் பதியாத பயிற்றுநர்களும்

சேலம் மாவட்டச் சின்னப்பம்பட்டியிலிருந்து த. நடராஜன் இந்திய அணிக்குப் போன கதையைத் தமிழ் வாசகர்களுக்கு மறுபடியும் சொல்ல வேண்டியதில்லை. வலைப்பயிற்சியில் பந்துவீசுவதற்காக ஆஸ்திரேலியாவுக்குப் போனவர், 2020 டிசம்பர் 2 அன்று கான்பெராவில் ஒருநாள் போட்டியிலும், 4 அன்று அதே ஊரில் இருபது ஓவர் போட்டியிலும், 2021 ஜனவரி 15 அன்று பிரிஸ்பேனில் டெஸ்டிலும் களமிறங்கினார். ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வடிவங்களிலும் அறிமுகமான முதல் இந்தியர் அவர். இந்திய டெஸ்ட் வீரர்களின் வரிசையில் அவருடைய எண் 300. இக்கட்டுரை எழுப்பும் கேள்வி ஒன்றே: அந்தப் பந்துவீச்சை ஆக்கியவர் யார்?

அந்தச் சுற்றுப்பயணத்தின்போது பத்திரிகைகளில் நிலைபெற்று, இன்றுவரை யாரும் மறுக்காமல் வழங்கிவரும் விடை ஒன்று உண்டு. நடராஜனின் குரு டென்னிஸ் பந்துதான் என்பது அது. கொங்குச் சமவெளியின் கட்டாந்தரையில் டென்னிஸ் பந்து மார்பளவு எழும்பும். எழும்பிய பந்தை மட்டையாளர் எல்லைக்கு வெளியே அனுப்பிவிடுவார். ஆகவே மட்டையின் அடியிலேயே பந்தைக் குத்துவதுதான் ஒரே தற்காப்பு. யார்க்கர் அப்படிப் பிறந்தது. இந்த வாசிப்பில் உண்மை இல்லாமல் இல்லை. 2020 நவம்பர் 6 அன்று அபுதாபியில் ஏ.பி. டி வில்லியர்ஸின் ஸ்டம்பைச் சாய்த்த பந்தைப் பார்த்தவர் எவரும் அதை முற்றாகத் தள்ளமாட்டார். ஆனால் இந்த வாசிப்பு ஒரு பந்தை மட்டுமே விளக்குகிறது. அதை வீசியவரின் வாழ்க்கைப் போக்குக்கு அதில் விளக்கம் இல்லை. மூன்று காரணங்களால் இதை ஏற்க இயலவில்லை.

முதலாவது, ஓமலூர் முதல் பரமத்திவேலூர் வரை ஞாயிறுதோறும் டென்னிஸ் பந்தில் யார்க்கர் போடும் இளைஞர்களுக்குக் குறைவில்லை. சேலம், நாமக்கல் ஊர்த் திருவிழாக் கோப்பைகளே அதற்குச் சான்று. எல்லோருக்கும் கிடைத்த குரு ஒருவரை மட்டும் கரையேற்றினார் என்றால், வேறொரு காரணத்தைத் தேடுவதே முறை.

இரண்டாவது எடை. டென்னிஸ் பந்து 56 முதல் 59.4 கிராம் வரை. கிரிக்கெட் பந்து 155.9 முதல் 163 கிராம் வரை. மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றே கூடிய எடையுள்ள, தையல் இல்லாத பந்தில் பழகிய கை, கனத்த பந்தை அதே வேகத்தில் செலுத்த முயன்றால் முழங்கையின் உதவியை நாடுவது இயல்பு. நடராஜன் ஏறத்தாழ இருபது வயது வரை லெதர் பந்தைக் கையாளவில்லை. (அவர் பிறந்த நாள் 1991 ஏப்ரல் 4 என்றும் மே 27 என்றும் இரு விதமாகப் பதிவாகியிருக்கிறது. இதைத் தீர்க்காமலே விடுகிறேன். எந்த நாளைக் கொண்டாலும் வாதம் மாறாது.)

மூன்றாவது காரணமே வலுவானது. 2015 ஜனவரி 5 அன்று வங்காளத்துக்கு எதிராகத் தமிழ்நாட்டுக்காக முதல் ரஞ்சிப் போட்டியில் இறங்கிய நடராஜனின் பந்துவீச்சு, விதிக்கு உட்பட்டதுதானா என்ற ஐயத்துக்கு ஆளானது. முழங்கை 15 டிகிரிக்கு மேல் நிமிரக் கூடாது என்பது உலக விதி. இரண்டாவது காரணத்தோடு இதைச் சேர்த்துப் பார்த்தால், டென்னிஸ் பந்து கொடுத்த வரத்தோடு ஒரு கோளாறும் வந்திருக்கலாம் என்று தோன்றுகிறது. இதை நிறுவும் அளவீடு என் கையில் இல்லை; ஊகம் என்றே கொள்க. ஆனால் கோளாறு நீங்கியது எப்படி என்பதில் ஊகத்துக்கு இடமில்லை. சுனில் சுப்ரமணியம், டி. வாசு, எம். வெங்கட்ரமணா போன்ற முன்னாள் தமிழ்நாட்டு வீரர்கள் உடனிருந்து அவர் கையசைவைத் திருத்தினார்கள். சுனிலும் வெங்கட்ரமணாவும் சுழற்பந்து வீச்சாளர்கள் என்பது கவனத்துக்குரியது. 2016இல் தமிழ்நாடு பிரீமியர் லீக் (டி.என்.பி.எல்.) தொடங்கியபோது திண்டுக்கல் டிராகன்ஸ் அணியில் நாம் பார்த்தது இந்தத் திருத்தப்பட்ட கை. 2017 ஏலத்தில் பஞ்சாப் அணி 3 கோடி ரூபாய் கொடுத்ததும் இந்தக் கைக்குத்தான். டென்னிஸ் பந்து வாசிப்பில் 2015, 2016 என்ற இரண்டு ஆண்டுகளுக்கு இடமே இல்லை. ஒரு வரலாற்று வாசிப்பு, தன் நாயகன் ஆட்டத்தையே இழக்க இருந்த காலத்தைத் தாண்டிக் குதிக்கிறது என்றால் அதை முழுமையானது என்று எப்படி ஒப்புவது?

இனி என் முதன்மைச் சான்றுக்கு வருகிறேன். அது கல்லில் வெட்டப்பட்டதன்று. சட்டையின் முதுகில் அச்சிடப்பட்டது. ஐ.பி.எல். சட்டையில் நடராஜன் தம் பெயரை ‘ஜே.பி. நட்டு’ என்று இட்டுக்கொண்டார். ஜே.பி. என்பது சின்னப்பம்பட்டியில் அவரைக் கண்டெடுத்து, செருப்பு முதல் செலவு வரை பார்த்து, சென்னைக்கு அழைத்துப்போன ஜெயப்பிரகாஷ். நடராஜன் பேட்டிகளில் ‘ஜே.பி. அண்ணா’ என்று சொல்பவர் இவரே.

செய்தியாளர்கள் இதை நன்றிக்கடன் என்று ஒரு வரியில் முடித்துக்கொண்டார்கள். அது போதாது. தமிழ்ப் பெயரில் முன்னெழுத்து நிற்கும் இடம் தந்தைக்குரியது. நடராஜனின் தந்தை தங்கராசு. கிரிக்கெட் பதிவேடுகளில் அவர் டி. நடராஜன். சட்டையில் அந்த ‘டி’ நின்றிருக்க வேண்டிய இடத்தில் வேறொருவரின் இரண்டு எழுத்துகள் நிற்கின்றன. தருமபுரி, செங்கம் வட்டார நடுகற்களைப் படிப்பவர்கள், வீரன் பெயருக்கு முன் ‘இன்னார் சேவகன்’ என்று வருவதை அலங்காரமாகக் கொள்வதில்லை. அவன் எந்தத் தொடர்பிலிருந்து வந்தவன் என்பதற்கான சான்றாகவே கொள்கிறார்கள். அதே முறையில் படித்தால், இந்தச் சட்டை எழுத்து ஒரு பயிற்சி மரபின் உரிமைச் சாசனம். டெஸ்ட் பதிவில் ‘டி’யும் ஐ.பி.எல். சட்டையில் ‘ஜே.பி.’யும் நிற்பதை முரண்பாடாக நான் கருதவில்லை. ஒன்று பிறப்பைச் சொல்கிறது, மற்றது பயிற்சியைச் சொல்கிறது. இரண்டெழுத்தின் மேல் இவ்வளவு பாரத்தை ஏற்றலாமா என்று கேட்கப்படலாம். ஏற்றலாம் என்பதே என் துணிபு. வீரர் தாமே தெரிந்து, பல்லாயிரம் பேர் பார்க்க முதுகில் சுமந்த எழுத்து அது. எந்தப் பேட்டிக் கூற்றையும்விட அதற்கு மதிப்பு அதிகம்.

ஜெயப்பிரகாஷ் செய்த வேலைக்கு இந்திய விளையாட்டு நிர்வாகத்தில் பதவிப் பெயர் இல்லை. அமெரிக்கக் கல்லூரி பேஸ்பாலில் அதற்கு உதவிப் பயிற்றுநர் என்று பெயர். ஆள் தேடுவதும் எறியும் கையைப் பழக்குவதும் அவர் வேலை; தலைமைப் பயிற்றுநர்கள் மாறினாலும் சிலர் பல ஆண்டுகள் அங்கேயே நிற்பதுண்டு. நம்மிடம் இதற்கு மிக நெருங்கி வருவது சென்னை எம்.ஆர்.எஃப். வேகப்பந்து அறக்கட்டளை. 1987இல் தொடங்கிய அதன் வரலாறு டென்னிஸ் லில்லியின் வரலாறாகவே எழுதப்படுகிறது. லில்லி வந்து வந்து போனார். வலையருகே நாள்தோறும் நின்றவர்கள் டி.ஏ. சேகர், பின்னர் எம். செந்தில்நாதன். 2012இல் லில்லி விலகி கிளென் மெக்ரா வந்தபோதும் இந்தத் தொடர்ச்சி அறவில்லை. 1985 முதல் துரோணாச்சாரியார் விருது இருக்கிறது. ஆனால் நாட்டுக்கு ஆடும் வீரரின் கடைசிப் பயிற்றுநர் கண்ணில் படும் அளவுக்கு முதல் பயிற்றுநர் அதில் படுவதில்லை என்பது என் குறை.

சின்னப்பம்பட்டியிலிருந்து சென்னை லீக்கில் பி.எஸ்.என்.எல்., பிறகு விஜய் சி.சி., பிறகு ஜாலி ரோவர்ஸ் என்று நடராஜன் ஏறிய படிகளை இங்கே விரிக்கவில்லை, அவை அறிந்தவையே. அந்த ஏணியின் முதல் படிக்கு ஆளைக் கொண்டுவந்து நிறுத்துவதே ஊர்ப் பயிற்றுநரின் வேலை என்பதை மட்டும் குறிக்கிறேன்.

ஒற்றைச் சான்றின் மேல் மரபு என்ற சொல்லை நிறுத்த முடியாது என்ற மறுப்பு நியாயமானது. அதற்கு இரண்டாம் சான்று ஜி. பெரியசாமி. நடராஜனும் ஜெயப்பிரகாஷும் ஊரில் நடத்திய பயிற்சியகத்திலிருந்து வந்த இவர், 2019 டி.என்.பி.எல். இறுதியாட்டத்தில் சேப்பாக் அணிக்காக ஐந்து விக்கெட் எடுத்தார். தோள் மட்டத்தில் சுழலும் அவர் கை நடராஜனின் கைக்குச் சற்றும் ஒப்பாகாது. டென்னிஸ் பந்துதான் குரு என்றால் ஒரே களத்தில் பழகிய இரு கைகளும் ஏதாவது ஓர் ஒற்றுமை காட்ட வேண்டும். இங்கே ஒன்றாக இருப்பது பயிற்சியகமும் அதை நடத்தியவர்களும். 2023 ஜூனில் தினேஷ் கார்த்திக் திறந்துவைத்த சின்னப்பம்பட்டி மைதானத்துக்கு நடராஜன் பெயரே இடப்பட்டது. அங்கே பழகி வருபவர்கள் தம் பெயருக்கு முன் எந்த எழுத்தை இடுகிறார்கள் என்பதைப் பொறுத்தே இரண்டு சான்றுகள் மூன்றாகுமா என்பது தெரியும்.