ஆயிரம் பிறை கண்டவர்கள்



முதுமையைக் குறிக்க ஆங்கிலத்தில் ‘த்ரீ ஸ்கோர் அண்ட் டென்’ என்றொரு மரபுத்தொடர் உண்டு. ‘ஸ்கோர்’ என்றால் இருபது. மூன்று இருபதும் ஒரு பத்தும் எழுபது. அதுதான் மனிதனின் நிறைவான ஆயுள் என்பது பொருள்.

‘ஸ்கோர்’ என்ற சொல் வட ஐரோப்பாவின் பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்தது. கீறல் என்பது அதன் மூலப் பொருள். எண்ணும்போது இருபதுக்கு ஒரு கீறல் என்று குச்சியில் வெட்டி வைத்தார்கள். நம் பிள்ளைகள் கேட்கும் கிரிக்கெட் ‘ஸ்கோர்’ கூட இந்தக் கீறலில் பிறந்ததுதான்.

இத்தொடரை ஆங்கிலேயரின் நாவில் நிலைக்கச் செய்தது 1611-இல் வெளியான ஜேம்ஸ் மன்னர் விவிலியம். அது வருமிடம் திருப்பாடல் 90:10. மோசேயின் மன்றாட்டு எனப்படும் அப்பாடல், மனித வாழ்நாளை எழுபது ஆண்டு என்றும், வலிமையுள்ளவர்க்கு எண்பது என்றும் கணக்கிடுகிறது.

நம்மிடமும் ஒரு கணக்கு உண்டு. மூத்தவர்களை ‘ஆயிரம் பிறை கண்டவர்’ என்கிறோம். ஒரு பிறைக்கும் அடுத்த பிறைக்கும் இடையே சுமார் இருபத்தொன்பதரை நாள். ஆயிரம் பிறை காண 80 ஆண்டும் ஏறத்தாழ 10 மாதமும் வேண்டும். குச்சியில் எண்ணாமல் வானத்தைப் பார்த்து எண்ணினார்கள் நம் முன்னோர். அந்தச் சொல்லில் வயது மட்டுமல்ல, மரியாதையும் இருக்கிறது.

திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி தொழிற்சாலைப் பகுதியில் வாழும் நமக்கோ இன்னொரு கணக்கும் தெரியும்: 58. வருங்கால வைப்பு நிதி ஓய்வூதியத்துக்குரிய வயது அது. 2014 முதல் குறைந்தபட்ச ஓய்வூதியம் மாதம் 1,000 ரூபாய். ஒப்பந்தக் கூலியாக உழைத்து, கணக்கில் பத்து ஆண்டு சேராதவருக்கு அதுவும் இல்லை. மகனும் மருமகளும் ஷிப்டுக்குப் போன பின், மாத்திரைக்குக்கூடக் கேட்டு வாங்க வேண்டிய நிலையில் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார் அப்பா. வாய் திறந்தால், “சும்மா இரு பெருசு!” என்கிறோம்.

ஆண்டவரின் கணக்கு வேறு. பார்வோன் முன் போய் நின்றபோது மோசேக்கு வயது 80, ஆரோனுக்கு 83 என்கிறது விடுதலைப் பயணம் 7:7. வாழ்நாளின் எல்லை என்று திருப்பாடல் சொல்லும் வயதில்தான் ஒரு மக்களினத்தின் விடுதலைக்கு இறைவன் அவரை அனுப்பினார். குழந்தை இயேசுவைக் கோவிலில் கண்டு அவரைப் பற்றிப் பேசிய அன்னாவுக்கு வயது 84 என்கிறார் லூக்கா. அதே திருப்பாடலின் 12-ஆம் வசனம், ஞானமுள்ள உள்ளம் பெறவே நம் நாள்களை எண்ணக் கற்றுத்தருமாறு கேட்கிறது. ஒருவரை ஒதுக்கி வைப்பதற்காக அல்ல.

2021-இல் திருத்தந்தை பிரான்சிஸ், ஜூலை நான்காம் ஞாயிறைத் தாத்தா பாட்டியர் மற்றும் முதியோர் நாளாக ஏற்படுத்தினார். ஆனால் அந்த ஒரு நாளோடு நம் கடமை முடிவதில்லை. ஓய்வூதியம் நிற்காமலிருக்க ஆண்டுதோறும் உயிர்வாழ் சான்று தர வேண்டும். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ அதற்காகத் தனியே அலையும் ஒருவர் இருந்தால், ஒரு நாள் லீவு போட்டு உடன் செல்லுங்கள். வழியில் அவர் பேசட்டும், நீங்கள் கேளுங்கள். ஆயிரம் பிறை கண்டவரிடம் சொல்வதற்கு நிறையவே இருக்கும்.

இறைவன் உங்கள் இல்லத்து முதியோரையும் உங்களையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.