நாவல் எழுத ஈமேக்ஸ்: புரோகிராமர்களின் எடிட்டர் கதாசிரியருக்கு எப்படி உதவும்?

சுந்தரபாண்டியபுரத்தில் நடக்கும் ஒரு நாவலை எழுதுறீங்கன்னு வைத்துக்கொள்வோம். முதல் அத்தியாயத்தில் சாரல் காலம், சூரியகாந்தி பூத்துக் கிடக்கிறது. 27ஆம் அத்தியாயத்தில் அதே நாளைத் திரும்பச் சொல்லும்போது, மறந்துபோய் மார்கழி என்று எழுதிவிட்டீர்கள். நீளமான ஒரே ஃபைலில் இதை எப்படிப் பிடிப்பது?

ஈமேக்ஸ் என்றால் என்ன?

1976-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி-யில் பிறந்த டெக்ஸ்ட் எடிட்டர். இப்போது புழக்கத்தில் இருக்கும் இலவச வடிவத்தை ரிச்சர்ட் ஸ்டால்மேன் 1985-ல் வெளியிட்டார். நமக்கு வேண்டிய கட்டளையை நாமே எழுதிச் சேர்த்துக்கொள்ளலாம் என்பதுதான் இதன் சிறப்பு. 2003-ல் வானியலாளர் கார்ஸ்டன் டொமினிக், தன் குறிப்புகளை ஒழுங்குபடுத்த அப்படி உருவாக்கியதுதான் 'ஆர்க் மோடு'.

கதைக்கு எப்படிப் பயன்படும்?

வரியின் தொடக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டு இடைவெளி விட்டால் அது அத்தியாயத் தலைப்பு. இரண்டு போட்டால் அதற்குள் ஒரு காட்சி. டேப் தட்டினால் காட்சி மடங்கித் தலைப்பு மட்டும் நிற்கும். ஆல்ட்டுடன் மேல் அம்புக்குறியை அழுத்தினால் மொத்தக் காட்சியும் முந்தைய காட்சிக்கு முன்னால் போய்விடும். தலைப்பின் ஓரத்தில் 'சாரல்' என்று குறிச்சொல் போட்டு வைத்தால், அந்தக் காட்சிகளை மட்டும் வரிசையாகப் பார்க்கலாம். மார்கழி அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

முருகன் செல்வன் ஆனால்?

தமிழில் இது பெரிய தலைவலி. 'முருகன்' என்று தேடினால் முருகனை, முருகனுக்கு எல்லாம் தப்பிவிடும், ஏன்னா வேற்றுமை உருபு சேர்ந்ததும் புள்ளி போய்விடுகிறது. ஈமேக்ஸில் புள்ளி இல்லாமல் 'முருகன' என்று கொடுத்து 'செல்வன' என மாற்றச் சொன்னால் எல்லாம் சிக்கும். ஒவ்வொரு இடத்திலும் "மாற்றவா?" என்று கேட்டுத்தான் மாற்றும். ஆனால் 'முருகா!' என்று அம்மா கூப்பிடும் இடத்தை நீங்கதான் தேடணும்.

ஃபைல் பத்திரமா?

பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கதையை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்து பாருங்கள். வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். அப்படிப் படிக்க முடியாமல் போன கையெழுத்துப் பிரதிகளை நினைத்தால் வயிறு எரிகிறது. ஆர்க் ஃபைல் யூனிகோடில் சேமித்த வெறும் டெக்ஸ்ட். நாளைக்கு ஈமேக்ஸே இல்லாமல் போனாலும் நோட்பேடில் திறக்கும்.

தென்காசிக்காரர்கள் கேட்கலாம், நம்ம மத்தளம்பாறை ஜோஹோவின் ரைட்டர் இருக்கே? பிரதியை அழகுபடுத்தி அனுப்ப அது போதும். அத்தியாயங்களைக் கலைத்து அடுக்கும் வேலைக்கு ஆர்க் மோடுதான் சுளுவு.

சிக்கலே இல்லையா?

இருக்கு. முதல் வாரம் எரிச்சல் வரும். காப்பி, பேஸ்ட் குறுக்குவழிகள்கூட வேறு. தமிழ்99 விசைப்பலகை உள்ளேயே உண்டு. ஒருமுறை அதைத் தேர்ந்துவிட்டால், கன்ட்ரோலுடன் பின்சாய்கோட்டை அழுத்தித் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாறலாம். 2025-ல் வந்த 30ஆம் பதிப்பு ஆண்ட்ராய்டு போனிலும் ஓடும், நீளமாக எழுத தனி கீபோர்டு வைத்துக்கொள்வது நல்லது. கன்ட்ரோல்-ஹெச் அழுத்திவிட்டு 'டி' தட்டினால் பயிற்சிப் பாடம் திறக்கும்.