போரும் ஒற்றும்: ‘அந்த நாள்’ திரைப்படத்தின் வரலாற்றுப் பின்னணி

அரசியலுக்குப் படையும் அரணும் இன்றியமையாதனவாதல்போல ஒற்றும் இன்றியமையாததெனக் கொண்டனர் நம் முன்னோர். திருவள்ளுவர் பொருட்பாலில் ஒற்றாடல் என ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியைப் பிறிதோர் ஒற்றனைக்கொண்டு ஒப்புநோக்கித் தெளிதல் வேண்டுமென்பது அவர் கூறும் நெறிகளுள் ஒன்று. பகைவன் எல்லைக்கு அப்பால் நிற்பின் அவனை அறிதல் எளிது. நம்முள் ஒருவனாய், நம் மொழி பேசி, நம் மனையில் உண்டு வாழ்வானாயின் அவனை அறிவது எங்ஙனம்? இவ்வினாவைப் பொருளாகக் கொண்டு 1954 ஆம் ஆண்டில் வெளிவந்த தமிழ்ப் படமே ‘அந்த நாள்’.

அப்படத்தின் களம் இரண்டாவது உலக மகாயுத்தம். 1942 பெப்ரவரி 15 ஆந் திகதி சிங்கப்பூர் யப்பானியர் வசமாயிற்று. மலாயாவில் தொழில்புரிந்த யாழ்ப்பாணத்தாரின் கடிதமும் பணமும் நின்றுபோக, அவர்தம் குடும்பங்கள் இங்கே கலங்கின. ஏப்பிரில் 4 ஆந் திகதி இலங்கைக்குத் தெற்கே யப்பானியக் கடற்படையைக் கண்ட கனடிய விமானி பேர்ச்சல், தம் விமானம் வீழ்த்தப்படுமுன் கம்பியில்லாத் தந்தியால் அச்செய்தியை அனுப்பினார். மறுநாள் கொழும்பும், 9 ஆந் திகதி திருக்கோணமலையும் தாக்கப்பட்டன. மட்டக்களப்புக்கு அண்மையில் ‘ஹேர்மிஸ்’ என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கிற்று. 1943 ஒக்டோபர் 11 ஆந் திகதி இரவு சென்னையிலும் குண்டு வீழ்ந்தது. செய்தியே ஆயுதமாகிய காலம் அது.

போர்க்காலத்தில் அரசாங்கத்தின் தூண்டுதலால் எழுந்த படங்களுள் ஒன்று ‘பர்மா ராணி’ (1945). அதில் பகைவன் படைவீரனின் உடையிலேயே தோன்றுகின்றான். ‘அந்த நாள்’ அத்தகையதன்று. எஸ். பாலசந்தர் நெறியாள்கையில், ஏ.வி.எம். நிறுவனத்தார் ஒரு பாடலேனுமின்றி இதனை ஆக்கினர். சென்னையிற் குண்டு வீழ்ந்த மறுநாள், வானொலிப் பொறியியலாளன் ராஜன் சுடப்பட்டு இறந்துகிடக்கின்றான். ஐவர்மீது ஐயம் எழுகின்றது. ஒவ்வொருவர் கூற்றும் வெவ்வேறு ராஜனைக் காட்டுகின்றது. வள்ளுவர் கூறிய ஒப்புநோக்குதலே இங்குத் துப்பறிவோனின் தொழிலாகின்றது. ஈற்றில், தன் ஆராய்ச்சி புறக்கணிக்கப்பட்ட மனக்கசப்பால் யப்பானியருக்கு ஒற்றனானவன் ராஜன் என்பதும், நாட்டுப்பற்றுடைய அவன் மனைவி உஷாவின் கையிலிருந்த துப்பாக்கியே அவனுயிரைக் கவர்ந்ததென்பதும் வெளியாகின்றன. ராஜனாகச் சிவாஜி கணேசனும், உஷாவாகப் பண்டரிபாயும் நடித்தனர்.

கதை இவ்வாறாக, வரலாறு கூறுவது யாது? பினாங்கிற் பயிற்சிபெற்ற இந்திய இளைஞர் சிலர் 1942 இல் யப்பானிய நீர்மூழ்கிக் கப்பலில் இந்தியக் கரைக்கு அனுப்பப்பட்டனர். திருவிதாங்கூரைச் சேர்ந்த வக்கம் அப்துல் காதர் மலபார்க் கரையில் இறங்கிப் பிடிபட்டார். அவரும் சத்தியேந்திர சந்திர பர்தன், பௌஜா சிங், ஆனந்தன் என்பாரும் 1943 செப்டெம்பர் 10 ஆந் திகதி சென்னைச் சிறையில் தூக்கிலிடப்பட்டனர். சென்னையிற் குண்டு வீழ்ந்தது அதற்கு ஒரு திங்களின் பின்னரேயாம். அன்றைய நீதிமன்றுக்கு அவர்கள் பகைவரின் ஒற்றர். சுதந்திர இந்தியாவுக்கோ தியாகிகள். 1998 இல் அப்துல் காதரின் நினைவாக அஞ்சல் முத்திரையும் வெளியிடப்பெற்றது.

ஆயின் ராஜனும் தியாகியோ? அன்று. அவனைச் செலுத்தியது தன்மதிப்புக்கு நேர்ந்த இழுக்கு. இவர்களைச் செலுத்தியது அடிமைநிலை ஒழிய வேண்டுமென்னும் வேட்கை. எனினும் இருசாராரும் நம்பிய யப்பானியரின் ஆட்சியிலேதான் மலாயாத் தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் சயாம்–பர்மா இருப்புப்பாதை வேலையில் நோயாலும் பசியாலும் மாண்டனர் என்பதையும் மறத்தலாகாது. நோக்கம் தூயதாயினும் துணை தூயதாகிவிடாது.

ஒற்றன், துரோகி, தியாகி என்னும் பெயர்கள் அவற்றைச் சூட்டுவோரின் கைப்பட்டவை. ஆகலின், வரலாறு பயிலும் மாணவர் ஒரு சாட்சியின் கூற்றோடு அமையாது, பல சாட்சியங்களையும் ஒப்புநோக்கி, அவரவர் கருத்தையும் செயலையும் விளைவையும் வேறுவேறாக எடைபோடுதல் வேண்டும். ஒற்றரை ஆள்வோருக்கு வள்ளுவர் வகுத்த நெறி, வரலாற்றை ஆய்வோருக்கும் உரியதேயாம்.