கப்பல் மாலையுடை ஆறு நூற்பா: மூலமும் விளக்கவுரையும்

பாயிரம்

இந்நூல் நுதலியது யாதோ எனின், பெருங்கடல் கடக்கும் கப்பலில் மாலைப்பொழுது உடுக்கும் முறைமை நுதலிற்று. கப்பல் பலவாயினும் ஈண்டு எடுத்துக்கொள்ளப்பட்டது குனார்டு நிறுவனத்தின் குயின் மேரி 2. அது 2004 சனவரியில் முதற்பயணம் போந்தது. சவுத்தாம்ப்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே பெரும்பாலும் ஏழு இரவில் அட்லாண்டிக்கைக் கடப்பது. மாலையுடை முறைமையை இன்றும் விடாது போற்றுவது. அங்கு வழங்கும் முறைமையும் அதனைச் சார்ந்த கப்பல் வழக்கும் கற்பார் மனங்கொள்ளும் பொருட்டு ஆறு நூற்பாவாகத் தமிழில் தொகுக்கப்பட்டன. சொல் தொகுத்தோருடையது, பொருள் கப்பலுடையது.

கேட்டதனாற் பயன் யாதோ எனின், பெட்டி அடுக்கும் முன்னரே ஐயம் அறுதல் பயன் என்க.

நூற்பா 1

மாலை ஆறுமணிக்கு மேல் பொதுவிடத்து நல்லுடையே உடுக்க.

மாலை ஆறுமணிக்கு மேல் என்பது காலவெல்லை கூறியவாறு. ஆறுமணி எவ்விடத்து ஆறுமணி எனின், கப்பலின் கடிகாரம் காட்டும் ஆறுமணி என்க. லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் மணிவேறுபாடு பெரும்பாலும் ஐந்து ஆகலின், மேற்கு நோக்கிச் செல்லுங்கால் ஐந்து இரவில் ஒவ்வொரு மணியாகக் கடிகாரம் பின்னே தள்ளப்படும். கிழக்கு நோக்கி மீளுங்கால் ஒவ்வொரு மணியாக முன்னே தள்ளப்படும். கைக்கடிகாரத்தைத் திருத்த மறந்தவன் போகும்போது ஒரு மணி முன்னரே உடுத்து வெறுங்கூடத்தில் நிற்பான்; மீளும்போது எல்லாரும் உடுத்தபின் அரைக்கால் சட்டையொடு அகப்படுவான். அதனால் உடைவிதிக்குமுன் மணி அறிதல் வேண்டும் என்பது குறிப்பு.

மேல் எனவே, ஆறுமணிக்குக் கீழ் இவ்விதி செல்லாது என்பது பெறப்பட்டது. பகலில் மேல்தளத்தில் நடப்பார் ஜீன்ஸ் அணியலாம். நீச்சற்குளத்தில் நீச்சலுடை அணியலாம். அவை குற்றம் ஆகா.

பொதுவிடத்து என்பது பிரிட்டானியா உணவகம், குயின்ஸ் ரூம் என்னும் நடனக்கூடம், அரங்கு, மதுக்கூடம் முதலாயினவற்றை. தன் அறை பொதுவிடம் அன்று. அறைக்கே உணவு வருவித்து உண்பார் எதனை உடுப்பினும் விதி அவரைத் தொடாது. எனவே விதி ஆளைக் கட்டவில்லை, இடத்தையும் பொழுதையுமே கட்டுகிறது என்பது கருத்து. இக்கருத்தே இந்நூல் முழுதிற்கும் திறவுகோல். பின்வரும் நூற்பா ஒவ்வொன்றும் ஒரு கடமை சொல்லி, உடனே ஒரு வாயிலும் திறந்துவிடுவதைக் கற்பார் நோக்கி வருக.

நல்லுடை என்றது ஆடவர்க்குக் காலர் வைத்த சட்டையும் முழுநீளக் கால்சட்டையும். கோட் அணிதல் சிறப்பு. மகளிர்க்குக் கவுனும், நல்ல மேற்சட்டையொடு பாவாடையும் கால்சட்டையும். விலையுடை என்னாது நல்லுடை என்றமையின், துணியின் விலை ஈண்டு ஆராயப்படாது. ஏகாரம் பிரிநிலை. கிழிசல் ஜீன்ஸ், அரைக்கால் சட்டை, ஆடவரின் கையில்லா பனியன் என்பவற்றை அது பிரித்து நீக்கிற்று.

உடுக்க என்பது வியங்கோள். உடுமின் என ஏவாது உடுக்க என்றார், விருந்தினரை ஏவுதல் மரபன்மையின்.

நூற்பா 2

விழா இரவில் ஆடவர் டின்னர் ஜாக்கெட்டாதல் டையொடு கூடிய கருஞ்சூட்டாதல் அணிக.

விழா இரவு என்பது காலா இரவு. ஏழு இரவுப் பயணத்தில் பெரும்பாலும் இரண்டு வரும். எவ்விரவு என்பது நாள்தோறும் அறைக்கு வரும் நிகழ்ச்சித்தாளில் அச்சிடப்பட்டிருக்கும். கறுப்பும் வெள்ளையும், முகமூடி, சிவப்பும் பொன்னும் என விழாவிற்கு ஒரு பொருள் குறிப்பதும் உண்டு. அதற்கேற்ப அணிவது விருப்பம். முகமூடி இல்லாதாரை வாயிலில் யாரும் தடுப்பதில்லை.

டின்னர் ஜாக்கெட் என்பதை அமெரிக்கர் டக்ஸீடோ என்ப. பிற கோட்டினின்று அதனை வேறறியுமாறு எங்ஙனம் எனின், மார்பு மடிப்பைப் பார்க்க: அது பட்டால் மூடப்பட்டிருக்கும். பொத்தான்களும் அப்பட்டே போர்த்தவை. கால்சட்டையின் வெளித்தையல் நெடுக ஒற்றைப் பட்டுநாடா ஓடும். பெல்ட் மாட்டும் வளையம் இராது. வெண்சட்டையின் முன்புறம் கொசுவம் வைத்தது அல்லது விறைப்பானது. பொத்தானுக்குப் பதில் குமிழ் செருகுவது. இடையில் கமர்பந்து கட்டின் அதன் மடிப்புகள் மேல்நோக்கித் திறந்திருத்தல் வேண்டும். கழுத்தில் கறுப்பு போ டை. இவற்றுள் மடிப்பின் பட்டும் கழுத்தின் போ டையும் இன்றியமையாதன. ஏனையவற்றுள் ஒன்று குறையினும் பொறுக்கப்படும்.

இவ்வுடை கடுவிதிபோலத் தோன்றினும் பிறப்பால் தளர்வுடையே. 1865இல் அன்றைய வேல்ஸ் இளவரசர், பின்னாளில் ஏழாம் எட்வர்டு அரசரானவர், லண்டன் சாவில் ரோவின் ஹென்றி பூல் தையலகத்தில் வால் இல்லாத குட்டைக் கோட் ஒன்று தைப்பித்தார். வால்கோட்டும் வெள்ளை டையுமே அந்நாள் மாலை முறைமை. இக்குட்டைக் கோட்டோ நண்பரொடு வீட்டில் உண்ணுங்கால் இளைப்பாற அணிவது. நியூயார்க் மாநிலத்தில் 1886இல் அமைந்த டக்ஸீடோ பார்க் என்னும் குடியிருப்பின் செல்வர் அதனைப் பின்பற்றினமையின் அமெரிக்காவில் அப்பெயர் பெற்றது. அன்று விலக்காய் நின்றது இன்று விதியாயிற்று என்று அறிக.

ஆதல், ஆதல் என இருமுறை வந்தது விகற்பம். இரண்டனுள் எதனை அணிந்தாலும் விதி நிறைவுறும். முன்வைத்தது வழக்கின் பழமை நோக்கி. பின்வைத்தது தாழ்வு நோக்கி எனக் கொள்ளற்க. ஓராண்டில் ஒருமுறையும் அணியாத டின்னர் ஜாக்கெட்டை வாங்கிப் பூச்சிக்கு இரையாக்குவதினும், கல்யாணத்திற்கும் நேர்முகத்திற்கும் உதவும் கருஞ்சூட் அறிவுடைமை.

டையொடு என்னும் ஒடு உடனிகழ்ச்சி. சூட் இருந்து டை இல்லையாயின் விதி நிறையாது. கருமை என்றது கறுப்பு, கருநீலம், கருஞ்சாம்பல் ஆகிய இருள்நிறம் எல்லாம் தழுவும்.

அஃதேல், வெப்பக் கடலில் இது துன்பம் அன்றோ எனின், அன்று. சூயஸ் வழிக் கீழ்த்திசைக்குச் சென்ற ஆங்கிலேயர் செங்கடலின் புழுக்கத்தில் கோட்டைக் கழற்றி, வெண்சட்டையும் கமர்பந்துமாய் உண்டனர். அதற்குச் செங்கடல் உடை என்றே பெயர் வழங்கிற்று. வெப்ப நாட்டிற்கு வெண்மை சார்ந்த டின்னர் ஜாக்கெட்டும் ஏற்றது. இவையும் விதி தானே திறந்துவைத்த வாயில்கள்.

இத்துணை ஒப்பனை எற்றுக்கு எனின், கூடம் நோக்கி என்க. 1935இல் முதற்பயணம் போந்த நார்மண்டி என்னும் பிரெஞ்சுக் கப்பலின் முதல் வகுப்பு உணவுக்கூடம் ஏறக்குறைய 93 மீட்டர் நீளம். சன்னல் ஒளி இல்லை. லாலிக் கண்ணாடி விளக்குத் தூண்களே ஒளி. பயணிகள் படிக்கட்டில் இறங்கி அதனுட் புகுவர். இருந்தார் கண் எல்லாம் இறங்குவார்மேல். அக்கூடத்தில் ஒவ்வொருவரும் பிறர்க்குக் காட்சி ஆவர். ஆகலின் மாலையுடை தன் பொருட்டு உடுப்பதினும் எதிர்மேசையில் இருப்பார் பொருட்டு உடுப்பது என்பதே இந்நூற்பாவின் உட்கோள்.

நூற்பா 3

மகளிர் நீள்கவுன் முதலியவற்றுள் ஒன்று அணிக, நாட்டுடையும் அமையும்.

நீள்கவுன் என்பது தரையளவு தாழும் மாலைக் கவுன். முதலிய என்றதனால் முழங்காலளவு நிற்கும் காக்டெயில் உடையும், நல்ல துணியில் தைத்த பேண்ட் சூட்டும் கொள்க. ஒன்று என்றமையின் இரவுதோறும் புதிது வேண்டும் என்பது இல்லை. ஒரே கருங்கவுனை மேலாடை மாற்றி இருமுறை அணிந்தாலும் முறைமை குறையாது.

சொல்லாது உய்த்துணர வைத்தன இரண்டு. ஒன்று, குதியுயர்ந்த செருப்பு: அட்லாண்டிக் அலையில் தளம் சாயும், ஊசிக்குதி நிலைநில்லாது, அகன்ற தாழ்குதியே காக்கும். மற்றொன்று, சால்வை: உணவுக்கூடத்தில் குளிர்சாதனம், வெளித்தளத்தில் காற்று, தோள் திறந்த கவுன் இரண்டிற்கும் ஆற்றாது.

நாட்டுடையும் என்பதன் உம்மை இறந்தது தழீஇய எச்சவும்மை. நாட்டுடை என்றது அவ்வந்நாட்டார் தம் சிறப்பு நாளில் உடுப்பது: ஸ்காட்லாந்தாரின் கில்ட், வடநாட்டு ஷெர்வானி, நம் பட்டுச்சேலை. இத்தொடர் இறுதியில் நின்றதாயினும் கடைநிலைத் தீவகமாய் மேலை நூற்பாவினும் சென்று இயைந்து ஆடவர்க்கும் ஆம்.

அற்றாயின் வேட்டி அமையுமோ எனின், நாட்டுடை என்னும் சொல்லுள் அதுவும் அடங்கும். சென்னையில் ஒரு மன்றம் வேட்டி உடுத்த உயர்நீதிமன்ற நீதிபதியை 2014இல் வாயிலில் தடுத்ததும், அவ்வாண்டே தமிழ்நாட்டுச் சட்டமன்றம் அத்தடையை நீக்கும் சட்டம் இயற்றியதும் கற்பார் அறிவர். அச்சட்டம் தமிழ்நாட்டு எல்லைக்கே உரியது, கப்பலில் செல்லாது. கப்பலில் துணை இவ்வும்மையே. எனினும் விழாவிற்கு உடுப்பது பட்டுக்கரை வேட்டியும் முழுக்கைச் சட்டையும் ஆகுக. கைலி நாட்டில் உடுப்பதேனும் விழாவில் உடுப்பது அன்மையின் ஈண்டுக் கொள்ளப்படாது. ஐயம் நீங்காதார் ஏறுமுன் நிறுவனத்தாரை எழுதிக் கேட்டுக்கொள்க.

நூற்பா 4

ஏறிய இரவும் இறங்குமுன் இரவும் விழா ஆகா.

ஏறிய இரவு விழா ஆகாமை என்னை எனின், பெட்டி அறைக்கு வந்துசேரப் பொழுது ஆகும். வந்தும் சூட்டின் மடிப்பு நீங்காது. இறங்குமுன் இரவு ஆகாமை, அன்றிரவே பெட்டிகளைப் பூட்டி அறைவாயிலில் வைத்துவிட வேண்டுதலின். மறுநாள் அணிவதும் பல்துலக்குவதும் மட்டும் கைப்பையில் எஞ்சும்.

உடை பெட்டியின் வரவுக்குக் கட்டுப்படுதல் பழவழக்கு. முற்காலத்துப் பயணிகள் தகரமும் தோலும் போர்த்த பெரும்பெட்டிகள் கொண்டு ஏறுவர். பயணத்தில் வேண்டும், பயணத்தில் வேண்டா என அவற்றின்மேல் சீட்டு ஒட்டப்படும். வேண்டாதது கப்பலின் அடியறைக்குப் போம். சீட்டு மாறி ஒட்டினார் கடல்கடக்கும் வரை மாலையுடை இன்றி வருந்துவர். நூற்பாவுள் இரண்டிடத்தும் வந்த உம்மை எண்ணும்மை. இடைப்பட்ட இரவுகளுள்ளே விழா வரும் என்பது அதனால் தெளிக.

நூற்பா 5

அறையுள் இஸ்திரி ஆகாது, சலவைக்கூடத்து ஆம்.

ஆகாது என்றது விலக்கு. இந்நூலுள் விகற்பமின்றி விலக்கியது இது ஒன்றே. காரணம் தீ. நடுக்கடலில் தீயணைப்பு வண்டி வாராது; மாலுமிகளே அணைக்க வேண்டும். ஆகலின் பயண இஸ்திரிப்பெட்டியைப் பெட்டியுள் ஒளித்துக் கொணர்தல் அறியாமை.

ஆம் என்றது உடன்பாடு. பயணிகள் தாமே பயன்படுத்தும் சலவைக்கூடத்தில் துவைக்கும் பொறியும் இஸ்திரிப் பலகையும் உண்டு. விழா நாளின் பிற்பகலில் பலகைக்கு வரிசை நிற்றல் இயல்பாகலின், காலையே தேய்த்து மாட்டிவைப்பார் தப்புவர்.

நூற்பா 6

உடுக்க வேண்டாதார்க்கும் இடன் உண்டு.

வேண்டாதார் என்றது இல்லாதாரை மட்டும் அன்று. இருந்தும் விரும்பாதாரையும் அடக்கும். காரணம் வினவாமையே இந்நூற்பாவின் பெருந்தன்மை. இடன் என்றது கிங்ஸ் கோர்ட் என்னும் தன்பரிமாறல் உணவகமும், கோல்டன் லயன் என்னும் மதுக்கூடமும் போல்வன. விழா இரவிலும் அங்கு டை இன்றி உண்ணலாம்.

உண்டு எனவே, அவ்விடத்தில் அமைவார் பிரிட்டானியா கூடத்துள்ளும் அவ்வாறே புகுவேம் எனல் வழு என்பதும் பெறப்பட்டது. உடுத்து வந்தார் ஒரு கூடத்தையும் உடாதார் ஒரு கூடத்தையும் பகிர்ந்துகொண்டமையின் இருவர்க்கும் இழப்பில்லை.

இவ்வாயிலைப் பிற கப்பலார் மேலும் அகலத் திறந்தனர். நார்வீஜியன் நிறுவனத்தார் 2000இல் விழாவுடைக் கட்டாயத்தைக் கைவிட்டுத் தத்தம் விருப்பே உடை என்றனர். செலிபிரிட்டி நிறுவனத்தார் 2015இல் விழா இரவு என்னும் பெயரையே மாற்றித் தளர்த்தனர். விலக்கு விதியாதல் 1865இல் குட்டைக் கோட்டொடு தொடங்கிற்று, இன்னும் நடக்கின்றது.

தொகைப்பொருள்

ஆறு நூற்பாவானும் சொல்லியது, மாலையுடை என்பது ஒரு கூடத்தில் உடனிருப்பார்க்குச் செய்யும் மரியாதை. செல்வம் காட்டும் கருவி அன்று. ஆகலின் கற்பார் செய்யற்பாலன இவை. கப்பலைத் தேருமுன் அக்கப்பலின் உடைவிதியைப் படிக்க. உடுக்க விருப்பம் இலதாயின் விழா இரவு இல்லாத கப்பலைத் தேர்க. விருப்பம் உளதாயின் ஆடவர் ஒரு கருஞ்சூட், இரு வெண்சட்டை, ஒரு டை; மகளிர் ஒரு நீள்கவுன் அல்லது ஒரு பட்டுச்சேலை, ஒரு சால்வை கொள்க. ஏழு இரவிற்கு இவை போதும். இதற்குமேல் வாங்குவது வீண்செலவு.