கோசிக் கரைகளின் வரவு செலவு

பீகாரின் துயரம் என்று பெயர் பெற்றது கோசி நதி. இமயத்தில் தோன்றி, நேபாளத்தைக் கடந்து, கங்கையில் கலக்கும் இந்நதி மலைமண்ணைப் பெருமளவில் சுமந்து வருகிறது. சமவெளியில் வேகம் தணிந்ததும் அம்மண் படிகிறது, படுகை மேடாகிறது, நதி வேறு வழி தேடுகிறது. இவ்வாறு இருநூறு ஆண்டுகளுக்குச் சற்று மிகுந்த காலத்தில், நூறு கிலோமீட்டருக்கு மேல் அது மேற்கே நகர்ந்தது. இத்தகைய நதியைக் கரைகட்டி நிறுத்துவதால் நாம் பெறுவது என்ன? கொடுப்பது என்ன?

இவ்வினா புதியதன்று. 1937-இல் பாட்னாவில் கூடிய வெள்ள மாநாட்டிலேயே, மாகாணத் தலைமைப் பொறியாளர் காப்டன் ஹால் கரைகளை எதிர்த்து வாதிட்டார். எனினும், 1954-ஆம் ஆண்டின் பெருவெள்ளத்துக்குப் பின் பொறுத்திருக்க எவருக்கும் மனம் வரவில்லை. 1955 ஜனவரியில் பணி தொடங்கிற்று. தொண்டர்களும் மண் சுமந்தனர். நதியின் இருபுறமும் நெடுங்கரைகள் எழுந்தன. நேபாள எல்லையருகே மதகுகளோடு கூடிய அணைக்கட்டும் அமைந்தது.

வரவை முதலில் நோக்குவோம். மேற்கு நோக்கிய நகர்வு நின்றது. கரைக்கு வெளியே இருந்த ஊர்கள் ஆண்டுதோறும் அஞ்சிய நிலை தணிந்தது. கால்வாய்கள் வயல்களுக்கு நீர் தந்தன. இவற்றைச் சிறியன என்று நாம் தள்ளிவிட முடியாது.

இனிச் செலவு. இரு கரைகளுக்கும் இடையே முந்நூறுக்கும் மேற்பட்ட கிராமங்கள் அகப்பட்டன. அம்மக்களுக்கு வெளியே வீட்டுமனை கிடைத்தது. விளைநிலமோ உள்ளேயே நின்றது. உழவன் நிலத்தை விட்டு எங்ஙனம் பிழைப்பான்? பலர் வெள்ளத்துக்கு இடையே திரும்பிச் சென்றனர். முன்பு நாடெங்கும் பரவிய வண்டல் கரைகளுக்குள்ளேயே குவிந்து, படுகையை உயர்த்திற்று. வெளியே பெய்த மழைநீர் நதியை அடைய வழியின்றி வயல்களில் தேங்கிற்று.

காப்பும் நிலையானதன்று. விநாடிக்கு ஒன்பதரை லட்சம் கன அடி நீரைத் தாங்குமாறு திட்டமிடப்பட்ட அமைப்பு, 2008 ஆகஸ்ட் 18-இல் அதில் ஐந்திலொரு பங்கும் வராத வெள்ளத்துக்கே நேபாளத்தின் குசஹாவில் உடைந்தது. நதி பழைய தடங்களில் பாய்ந்தது. பீகாரில் முப்பது லட்சத்துக்கு மேற்பட்டோர் அல்லலுற்றனர். அவருள் பெரும்பாலோர் கரையை நம்பி, வெள்ளத்தோடு வாழும் பழக்கத்தையே மறந்திருந்தவர்கள்.

இவற்றால் கரையே கூடாதென்று நாம் முடிவு கட்டவில்லை. நகரங்களையும் நெருங்கிய குடியிருப்புகளையும் காக்கக் கரை வேண்டியிருக்கலாம். ஆனால் காக்கப்பட்ட நிலத்தை மட்டும் வரவில் எழுதி, உள்ளே விடப்பட்டவரையும், தேங்கிய நீரையும், ஆண்டுதோறும் வேண்டிய பராமரிப்பையும் செலவில் எழுதாத கணக்கு முழுக் கணக்காகாது. ஒரு கரை எழும் முன்னரே, எவரைக் காக்க எவரை வெள்ளத்தில் விடுகிறோம் என்பதை வெளிப்படையாகக் கூறி, இழப்போரின் ஒப்புதலையும் அவர்களுக்குரிய நிலத்தையும் உறுதி செய்தல் வேண்டும். கோசியின் வரலாறு நமக்கு உணர்த்துவது இதுவே.