எழுந்து நட

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். அந்த மொழியில் விழுவதற்கு 'தோம்பே' என்பார்கள். நோய்வாய்ப்படுவதற்கும் அதே சொல்தான்: 'தோம்பே மலாத்'. நாமும் 'படுக்கையில் விழுந்துவிட்டார்' என்கிறோம். இதன் பொருள் எனக்கு 1987-ல்தான் உறைத்தது.

அப்போது கும்மிடிப்பூண்டியில் குடியிருந்தோம். அம்மாவுக்கு 74 வயது. கிணற்றடியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. பிறகு எழுந்து நடக்கவே இல்லை. எட்டு மாதத்தில் போய்விட்டார். பார்க்க வந்தவர்கள் எல்லாம் "வயசாயிடுச்சு, என்ன பண்றது" என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

விஷயம் அப்படியில்லை என்பது ஓய்வு பெற்ற பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ். நடராஜன் 1978-லேயே முதியோருக்கென்று புறநோயாளிகள் பிரிவு தொடங்கிவிட்டார். இந்தியாவில் அதுவே முதல். 1996-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத்துக்கு எம்.டி. படிப்பும் வந்தது.

1986-ல் இங்கிலாந்தில் மத்தியாஸ், நாயக், ஐசக்ஸ் மூவரும் ஓர் எளிய சோதனையை வெளியிட்டார்கள். நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். தள்ளாட்டத்தைப் பார்த்து 1 முதல் 5 வரை மதிப்பெண். 1991-ல் கனடாவின் மான்ட்ரியாலில் பொட்சியாட்லோ, ரிச்சர்ட்சன் இருவரும் மதிப்பெண்ணை விட்டுவிட்டுக் கடிகாரத்தை வைத்தார்கள். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் கவனம் தேவை என்கிறது அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு மையம். இதோடு முன்பு விழுந்ததுண்டா, எழுந்து நின்றால் ரத்த அழுத்தம் இறங்குகிறதா, கண் பார்வை எப்படி, என்னென்ன மாத்திரைகள் என்றும் டாக்டர்கள் கேட்பார்கள்.

அம்மா விழுவதற்கு ஒரு வருஷம் முன்பிருந்தே சுவரைப் பிடித்துத்தான் நடந்தார். இரண்டு முறை முயன்றுதான் எழுந்திருப்பார். எல்லாம் என் கண்ணெதிரே நடந்தது, பார்க்கத்தான் தெரியவில்லை. அந்நாளில் ஆபீஸ் வேலையாக மாதம் இரண்டு முறையாவது சென்ட்ரலில் இறங்குவேன். எதிரே அந்த மருத்துவமனை. ஒரு நாளும் உள்ளே போய் விசாரித்ததில்லை.

இப்போது கிண்டியிலும் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பிப்ரவரியில் திறந்திருக்கிறார்கள்.

போன வாரம் என் மனைவி கடிகாரத்தோடு பக்கத்தில் நிற்க, நான் எழுந்து நடந்தேன். 14 விநாடி. நீங்களும் பார்த்துவிடுங்கள், பக்கத்தில் ஆள் இல்லாமல் வேண்டாம். திங்கட்கிழமை லோக்கல் வண்டியில் சென்ட்ரல் போகிறேன். இந்த முறை எதிர்ப்பக்கம் போய் விசாரிக்கப் போகிறேன்.